நாலு பின்னில் ஒரு பின்

மூன்று வருஷம் கழித்து கல்லிடைக்குறிச்சிக்குப் போய்விட்டுப் போன வாரம்தான் மியூனிக் திரும்பினேன். விமானம், நெல்லை எக்ஸ்பிரஸ், அக்கா மகள் கல்யாணம் எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அதில் எழுத ஒன்றும் இல்லை. அப்பாவின் கம்ப்யூட்டருக்கு நடந்ததைத்தான் எழுதியாக வேண்டும்.

2013-ல் நான் வாங்கிக் கொடுத்த டெஸ்க்டாப் அது. உள்ளே மூன்றாம் தலைமுறை ஐ5 பிராசசர், அதாவது கம்ப்யூட்டரின் மூளையான சில்லு. அப்பா அதில் பார்ப்பது இரண்டே வேலை: எங்கள் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு பிரிக்கிற வரிக் கணக்கு, அப்புறம் பேரனோடு வீடியோ கால். கொடைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஆன் செய்த பத்தாவது நிமிஷம் பட்டென்று அணைய ஆரம்பித்தது. மறுபடி போட்டால் கறுப்புத் திரையில் 'சிபியு ஓவர் டெம்பரேச்சர் எரர்'. வரி லிஸ்ட் பாதியில் நிற்கிறது, அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

திருநெல்வேலியில் வேறு வேலையும் இருந்ததால் அங்கேயே ஒரு பெரிய கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஏசி, கண்ணாடிக் கதவு, டோக்கன் எல்லாம் உண்டு. ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, "பிராசசர் போயிருச்சு சார், போர்டும் பழசு, ரேமோட சேத்து செட்டா மாத்திருங்க, 24,000 ஆகும்" என்றார்கள். பார்த்ததற்கு 200 ரூபாய், ரசீது கிடையாது. போன பிராசசர் எப்படிப் பத்து நிமிஷம் ஓடும் என்று கேட்டேன். "அது அப்படித்தான் சார்" என்று பதில் வந்தது.

வீட்டுக்கு வந்து கேபினெட்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. பக்கவாட்டு மூடியின் ஸ்க்ரூ தலையில் படிந்திருந்த தூசி அப்படியே இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் நுனி பட்ட சுவடே இல்லை. திறக்கவே இல்லை! திறக்காமலே 24,000 சொல்லியிருக்கிறார்கள். மியூனிக்கிலும் பார்த்துச் சொல்வதற்கே 49 யூரோ கறந்திருக்கிறார்கள், அதுவும் ஒன்பது நாள் கழித்து நேரம் கொடுத்து. ஆனால் என்ன பார்த்தோம், எது பழுது என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். நான் வளர்ந்த ஊரிலோ வானொலிப்பெட்டி ரிப்பேர் செய்கிறவர் நம் கண் முன்னால்தான் பின்மூடியைக் கழற்றுவார், நாமும் எட்டி நின்று உள்ளே பார்ப்போம். இரண்டும் இல்லாத ஒரு புது வழக்கம் எங்கிருந்து வந்தது?

சரி என்று நானே மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனை எதிரில் வைத்தேன். பத்து நிமிஷத்தில் அணைந்தது இருபத்தைந்து நிமிஷம் ஓடியது. கோளாறு சூட்டில்தான், வேறெதிலும் இல்லை. ஆன் செய்ததும் வருகிற அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் வெப்பநிலையைப் பார்த்தால் 81 டிகிரி, ஒரு வேலையும் கொடுக்காமலே ஐந்து நிமிஷத்தில் 96. நூறு டிகிரியை ஒட்டிப் போனால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் கருகாமல் இருக்க அணைந்துவிடும். அதாவது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அது அணைந்துகொண்டிருந்தது. அதைப் போய்ச் செத்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

"ஃபேன் சுத்துதே, பொறவு எப்படிச் சுடும்?" என்றார் அப்பா. ஃபேன் சுற்றினால் மட்டும் போதாது, பிராசசரின் சூடு மேலே இருக்கிற அலுமினியக் கட்டைக்கு ஏற வேண்டும். அதோடு கத்திரி வெயில். மியூனிக்கில் என் அறை 21 டிகிரி, கல்லிடையில் மத்தியானம் அறைக்குள்ளேயே 37. ஃபேன் ஊதுவது அறைக் காற்றைத்தானே, அந்தப் பதினாறு டிகிரியும் பிராசசர் தலையில் ஏறிவிடும். அங்கே பல வருஷம் வெளியே தெரியாமல் கிடக்கிற குறை இங்கே சித்திரை வைகாசியில் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

மறுநாள் காலையில் அப்பாவின் மொபட்டில் கால் வைக்கிற இடத்தில் கேபினெட்டை நிறுத்தி, தாமிரபரணிப் பாலம் தாண்டி அம்பைக்கு, அதாவது அம்பாசமுத்திரத்துக்குப் போனேன். பாலத்தின் கீழே தண்ணீர் மெலிந்து ஓடுகிறது, படித்துறையில் துவைக்கிற சத்தம் மேலே வரை கேட்கிறது. ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. இருபத்தைந்து வயதுத் தம்பி. 24,000 கதையைச் சொல்ல ஆரம்பித்தேன், அவன் அதற்குள் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டான்.

"தொறந்து பாத்துட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மூடியைத் திறந்தால் கட்டையின் இடுக்கெல்லாம் தலையணைப் பஞ்சு போலத் தூசி. புளோயரை வைக்கும் முன் ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டான், பிடிக்காவிட்டால் அந்தக் காற்றில் கண்டபடி சுற்றி பேரிங் போய்விடுமாம். தூசி போனதும் கட்டையை மெல்ல அசைத்துப் பார்த்தான். ஆடியது. "இங்க பாருங்க" என்று டார்ச் அடித்தான். ஃபேனைப் போர்டோடு பிடிக்கிற நாலு பிளாஸ்டிக் பின்னில் ஒன்று மேலே எழும்பி நிற்கிறது. அந்த மூலையில் கட்டை பிராசசரை விட்டு லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் சர்வீஸ் என்று யாரோ கழற்றி மாட்டியபோது அது சரியாக இறங்கவில்லை போல. பிராசசரின் சூட்டைக் கட்டைக்கு ஏற்ற இரண்டுக்கும் நடுவே பூசுகிற பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொருக்கு மாதிரி ஆகியிருந்தது. ஒரு மயிரிழை இடைவெளி விழுந்து காற்று புகுந்தால் போதும், சூடு மேலே ஏறாது.

பழைய பேஸ்ட்டை ஆல்கஹால் தொட்ட பனியன் துணியால் பிராசசரில் முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்தான். புதுப் பேஸ்ட் நடுவில் ஒரு அரிசி மணி அளவு. இவ்வளவுதானா என்று கேட்டேன். "நெறையப் போட்டா நல்லதுன்னு அப்பிருவாங்க, வேண்டாம் அண்ணாச்சி, கட்டை அமுக்கும்போது தானாப் பரவிக்கிடும்." பின்களை ஒரே பக்கமாக அமுக்காமல் மூலைக்கு மூலை எதிரெதிராக அமுக்கினான், டக், டக் என்று நாலு சத்தம். அதோடு விடவில்லை, போர்டையே வெளியே எடுத்துத் திருப்பி, நாலு முனையும் பின்பக்கம் முழுசாக வந்து விரிந்திருக்கிறதா என்று என்னையும் பார்க்கச் சொன்னான்.

ஆன் செய்ததும் பயாஸில் 47. அரைமணி நேரம் வீடியோ ஓட விட்டுப் பார்த்தான், 66-ஐத் தாண்டவில்லை.

300 ரூபாய். 500 கொடுத்தேன், 200-ஐத் திருப்பிக் கையில் வைத்தான். மிச்சப் பேஸ்ட் டியூபையும் கொடுத்து, கேபினெட்டை மர மேசையின் மூடிய பெட்டிக்குள் வைக்காதீங்க, வெளியே வையுங்க, விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும் என்றான். அது எனக்கே தோன்றியிருக்க வேண்டும், பத்து வருஷமாக அங்கேதான் இருந்தது.

அன்று சாயங்காலமே அப்பா வரி லிஸ்ட்டை முடித்துப் பிரிண்ட் எடுத்துவிட்டார், கொடைக்குப் பதினோரு நாள் இருக்கும்போதே. நேற்று போனில் பேசும்போது முதல் பேச்சே, "இன்னைக்கு மத்தியானம் 52 தாம்ல காட்டுது" என்பதுதான்.