ஒரு முனையிலிருந்து ஓடும் இருபது மீட்டர் கம்பி: எண்ட்-ஃபெட் ஆன்டெனா கிட் எப்படி இருக்கிறது?

ஹாம் ரேடியோ என்ற பொழுதுபோக்கு வானொலித் தொடர்புக்காக வீட்டில் ஹெச்.எஃப்., அதாவது சிற்றலை, ஆன்டெனா கட்ட நினைக்கும் எல்லோருக்கும் முதலில் இடிப்பது இடம்தான். 40 மீட்டர் பேண்டுக்கு, அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைவரிசைக்கு, இரு பக்கமும் கம்பி நீளும் டைபோல் ஆன்டெனா என்றால் நடுவிலிருந்து கேபிள் இறங்க வேண்டும், இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் கம்பி ஓட வேண்டும். நடுவில் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாதவர்கள் என்ன செய்வது? என் நிலைமை அதுதான். ரேடியோ இருக்கும் அறைக்கு மேலே மாடிச் சுவரின் மூலை, எதிர்க்கோடியில் ஒரு மரம், இடையில் வெறும் வெளி. இந்த மாதிரி வீட்டுக்குப் பொருந்துவது எண்ட்-ஃபெட் ஹாஃப் வேவ். அரை அலைநீளக் கம்பிக்கு ஒரு முனையிலேயே மின்சாரம் கொடுக்கும் ஆன்டெனா. நான் வாங்கியது 40, 20, 15, 10 மீட்டர் பேண்டுகளுக்கான, 100 வாட் என்று போட்டு விற்கும் கிட். இதே வடிவத்தில் பலர் செய்து விற்கிறார்கள் என்பதால் நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு, பொருளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். ஆனால் பெட்டியில் இல்லாத ஒரு பொருளையும் சேர்த்து வாங்க வேண்டும். அது என்ன என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கிட்டில் இருப்பவை கொஞ்சம்தான். டிரான்ஸ்பார்மர் அடைத்த ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பிவிசி உறை போட்ட பல இழைச் செம்புக் கம்பி, முனைக்கு ஒரு இன்சுலேட்டர், கம்பியில் இடையில் நுழைக்க ஒரு சின்னச் சுருள். கயிறு கிடையாது, ரேடியோவிலிருந்து ஆன்டெனாவுக்கு ஓடும் கோஆக்ஸ் கேபிளும் கிடையாது.

பெட்டியை மாட்டுவதற்கு முன் நாலு திருகையும் கழற்றி உள்ளே பார்த்தேன். நீங்களும் பாருங்கள், ஏனென்றால் இந்த ஆன்டெனாவின் தரம் முழுக்க அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அரை அலைநீளக் கம்பியின் முனையில் மின்மறுப்பு ஏறத்தாழ 2500 ஓம். நம் ரிக், அதாவது அனுப்பவும் கேட்கவும் வைத்திருக்கும் ரேடியோ, எதிர்பார்ப்பது 50 ஓம். இந்த இரண்டையும் இணைப்பது 49:1 டிரான்ஸ்பார்மர். எனக்கு வந்ததில் எஃப்டி240-43 ரக ஃபெரைட் வளையம் ஒன்று, முதன்மையில் 2 சுற்று, இரண்டாம் பக்கம் 14 சுற்று. சுற்று விகிதம் 7, அதன் வர்க்கம் 49. எனாமல் கம்பி வளையத்தின் ஒரு பாதியில் சுற்றி, குறுக்கே தாண்டி, மறு பாதியில் தொடர்ந்திருந்தது. சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் சீராகப் படிந்திருந்தன. கேபிள் சாக்கெட்டின் குறுக்கே 100 பிகோஃபாரட் உயர் மின்னழுத்தக் கெப்பாசிட்டர் இருந்தது. 10 மீட்டர், 15 மீட்டர் பேண்டுகளில் எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் சக்தி ஆன்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் அளவு; 1 என்றால் கச்சிதம்) எகிறாமல் பிடித்து வைப்பது அதுதான். சாலிடர் பளபளப்பாக, நிறைவாக இருந்தது. இந்த வேலையைச் செய்தவர் பொறுப்பாகச் செய்திருக்கிறார்.

குறை சொல்ல வேண்டிய இடம் வெளியே இருக்கிறது. ஆன்டெனா கம்பியின் முனையில் இருக்கும் லக் வெறுமனே கிரிம்ப் மட்டும் செய்திருந்தது, மேலே ஹீட் ஷ்ரிங்க் உறைகூட இல்லை. காற்றில் கம்பி ஆடும்போது முதலில் அறுவது அந்த இடம்தான். சாலிடர் வைத்து, உறை போட்டு, கம்பியின் இழுவை லக்கில் விழாதபடி பெட்டியில் உள்ள கொக்கியில் ஒரு வளையம் போட்டுக் கட்டினேன். பெட்டியின் அடியில் நீர் வடியத் துளையும் இல்லை. ரப்பர் வளையம் போட்டு எவ்வளவு இறுக்கினாலும் உள்ளே ஈரம் கோக்கத்தான் செய்யும், வெளியேற வழி வேண்டும். மூன்று மில்லிமீட்டரில் ஒரு துளை போட்டால் போதும்.

கட்டுவது எளிது. பெட்டியை மாடிச் சுவரின் மூலையில், தரையிலிருந்து சுமார் ஆறு மீட்டர் உயரத்தில் பொருத்தினேன். மறுமுனையை மரத்தில் ஒன்பது மீட்டர் உயரத்துக்கு ஏற்றினேன். மரம் ஆடும், கம்பி நீளாது. ஆகவே கயிற்றை ஒரு சின்னக் கப்பியில் ஓட்டி, கீழே ஒரு எடையைத் தொங்கவிட்டிருக்கிறேன். காற்றடிக்கும்போது எடை ஏறி இறங்கும், கம்பி முறுக்கேறாமல் இருக்கும். கயிறு வெயில் தாங்கும் வகையாக இருக்கட்டும். சாதாரண நைலான் வெயிலில் பொடிந்துவிடும்.

இனி ட்யூனிங். கணக்குப்படி அரை அலைநீளம் மீட்டரில் 143 வகுத்தல் மெகாஹெர்ட்ஸ். 7.1க்கு 20.1 மீட்டர் வரும். பிவிசி உறை இருப்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் குறையும். நிறுவனம் கம்பியை வேண்டுமென்றே நீளமாகக் கொடுத்திருக்கிறது, அது நல்ல வழக்கம். ஆன்டெனாவை அளக்கும் நானோ விஎன்ஏ கருவியில் பார்த்தபோது பள்ளம், அதாவது எஸ்.டபிள்யூ.ஆர். மிகக் குறையும் இடம், 6.85 மெகாஹெர்ட்ஸில் இருந்தது. கம்பியை வெட்டவே வேண்டாம். முனையை இன்சுலேட்டர் வழியாக மடித்து, அதே கம்பியோடு சேர்த்து நெருக்கமாகச் சுற்றிவிட்டாலே நீளம் குறைந்ததாகிவிடும். இந்தப் பேண்டில் பத்து சென்டிமீட்டருக்கு 35 கிலோஹெர்ட்ஸ் நகரும் என்று வைத்துக்கொள்ளலாம். எழுபது சென்டிமீட்டர் மடித்ததும் பள்ளம் 7.09-இல் வந்து நின்றது, எஸ்.டபிள்யூ.ஆர். 1.4.

40-இல் சரியாக உட்கார்ந்ததும் மற்றவை தானாக வந்துவிடும் என்று விளம்பரத்தில் இருக்கும். பாதி உண்மை. 14, 21, 28 எல்லாம் 7-இன் மடங்குகள்தான். ஆனால் கம்பி முனையின் விளைவு மடங்குகளில் அதே விகிதத்தில் வராது. அதனால் மேலே போகப்போக ஒத்ததிர்வு எதிர்பார்த்ததைவிட உயரத்தில் போய் விழும். சுருள் இல்லாமல் பார்த்தபோது 10 மீட்டர் பேண்டின் பள்ளம் 29 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிக் கிடந்தது. அந்தச் சின்னச் சுருள் இதற்குத்தான். பெட்டியிலிருந்து சுமார் இரண்டு மீட்டர் தள்ளி அதை வைக்கச் சொல்கிறார்கள். 28 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் உச்சத்தில் இருப்பது கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான், ஆகவே சுருள் அங்கே வலுவாக வேலை செய்து ஒத்ததிர்வைக் கீழே இழுக்கும். 7-இல் அதே இடத்தில் மின்னோட்டம் சொற்பம், சுருள் இருப்பதே தெரியாது. இவ்வளவு சின்னப் பொருளில் இவ்வளவு யோசனை! சுருளைச் சேர்த்ததும் பள்ளம் 28.5 பக்கம் வந்துவிட்டது, 40 மீட்டர் அசையவில்லை.

இப்போது பெட்டியில் இல்லாத அந்தப் பொருள். காமன் மோடு சோக்: கேபிளின் வெளி உறையில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்.

'கவுண்டர்பாய்ஸ் தேவையில்லை, ரேடியல் தேவையில்லை' என்று இந்த வகை ஆன்டெனாக்களை விற்கிறார்கள். இரண்டுமே மின்னோட்டம் திரும்ப வழி தரும் கூடுதல் கம்பிகள். எந்த ஆன்டெனாவுக்கும் மின்னோட்டம் திரும்ப ஒரு பாதை வேண்டும். நாம் கொடுக்காவிட்டால் அது கோஆக்ஸின் வெளி உறையையே பாதையாக எடுத்துக்கொண்டு நேராக ரேடியோ இருக்கும் அறைக்குள் வந்துவிடும். கையேட்டில் சொன்னபடி மட்டும் மாட்டி 20 மீட்டர் பேண்டில் ஐம்பது வாட் கொடுத்தபோது கணினியின் மவுஸ் உறைந்து நின்றது, யுஎஸ்பி சவுண்ட் கார்டு விட்டுவிட்டு வந்தது. அனுப்பும்போது இந்தத் தொல்லை. கேட்கும்போது அதைவிடப் பெரிய தொல்லை. வீட்டிலுள்ள எல்இடி டிரைவர், செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் இவற்றின் இரைச்சலையெல்லாம் அந்த உறையே வாங்கி ரிக்குக்குக் கொடுக்கிறது. 40 மீட்டரில் இரைச்சல், ரிக்கில் சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில், எஸ்7-இல் நின்றது. தூரத்து நிலையங்கள் அதற்கடியில் புதைந்து போயின.

சரி செய்ய நான் செய்தது இது. பெட்டியின் எர்த் போல்ட்டிலிருந்து இரண்டு மீட்டர் கம்பி ஒன்றைக் கவுண்டர்பாய்ஸாகச் சுவரோரம் ஓட்டினேன். 40 மீட்டர் பேண்டின் அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு அது, அவ்வளவு போதும். கோஆக்ஸ் அறைக்குள் நுழையும் இடத்தில் எஃப்டி240-31 வளையத்தில் ஆர்ஜி-58 கேபிளையே பன்னிரண்டு சுற்று சுற்றி ஒரு சோக் வைத்தேன். மாட்டிவிட்டு ரிக்கை ஆன் செய்ததும் வித்தியாசம் காதுக்கே தெரிந்தது. இரைச்சல் எஸ்4. ஒரு எஸ் அலகுக்கு 6 டெசிபெல் என்ற கணக்கில் 18 டெசிபெல் இறங்கியிருக்கிறது. அதுவரை வெறும் கரகரப்பாக இருந்த இடத்தில் ஒரு மெல்லிய மோர்ஸ் குரல் தெளிவாகக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே மனம் நிறைந்தது. மவுஸ் அதற்குப்பிறகு உறைவதில்லை. சோக்கைக் கிட்டிலேயே சேர்த்துத் தராததை இந்தப் பொருளின் பெரிய குறையாகச் சொல்வேன். முதல்முறை ஆன்டெனா கட்டும் ஒருவர் இந்த இரைச்சலைக் கேட்டுவிட்டு, 'நம் இடமே சரியில்லை' என்று ஹாம் ரேடியோவையே விட்டுவிடக்கூடும்.

100 வாட் என்ற எண்ணையும் பார்த்துவிடுவோம். பேச்சுக்கு, அதாவது எஸ்எஸ்பி-க்கு, அது சரி. பேசும்போது சராசரி சக்தி குறைவுதான். கணினி வழியாக அனுப்பும் டிஜிட்டல் முறையான எஃப்டி8 வேறு கதை. பன்னிரண்டரை விநாடிக்கு மேல் முழுச் சக்தியில் தொடர்ந்து அனுப்பும். முப்பது வாட்டில் நெடுநேரம் ஓட்டினாலும் பெட்டி இளஞ்சூடுதான். எண்பதுக்கு ஏற்றியதும் எஸ்.டபிள்யூ.ஆர். மெல்ல மெல்ல ஏற ஆரம்பித்தது. கம்பி அசையாமல் எஸ்.டபிள்யூ.ஆர். மட்டும் ஏறினால் ஃபெரைட் சூடாகிறது என்று பொருள், உடனே நிறுத்த வேண்டும். ஒற்றை வளையம் வைத்த பெட்டிக்கு டிஜிட்டலில் முப்பது, நாற்பது வாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் இரண்டு வளையம் அடுக்கிய பெட்டியைத் தேடுங்கள்.

எவ்வளவு தூரம் போகிறது? 40 மீட்டரில் இந்த உயரம் கால் அலைநீளத்துக்கும் குறைவு. அதனால் அலை பெரும்பாலும் செங்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி இறங்குகிறது. பகலில் சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் இருப்பவர்களோடு பேச இதைவிட வசதி இல்லை, தெளிவாக, பலமாகக் கேட்கிறது என்று பொருள்படும் 59 என்றுதான் ரிப்போர்ட் வருகிறது. 20 மீட்டரில் இதே கம்பி ஒரு முழு அலைநீளம். அங்கே அலை கம்பிக்குக் குறுக்கே போவதில்லை, கம்பியிலிருந்து 54 டிகிரி சாய்ந்து நாலு திசையில் பிரிகிறது. 10 மீட்டரில் இரண்டு அலைநீளம், கோணம் 36 டிகிரி, கம்பி போகும் திசையை நெருங்கிவிடும். ஒரே ஆன்டெனாவில் பேண்டை மாற்றினால் கேட்கும் நாடுகளும் மாறுகின்றன. கட்டும் முன்பே ஒரு வரைபடத்தில் கம்பியின் திசையை வரைந்து பார்ப்பது நல்லது. பல திசைகளில் கட்ட இடமிருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே நிதானமாக யோசிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை, இதை அழுத்திச் சொல்கிறேன். 2500 ஓமில் 100 வாட் என்றால் கம்பியின் முனையில் 500 வோல்ட். பெட்டியருகே இருக்கும் முனையிலும் அதே 500, மறுமுனையிலும் அதே கதை. குழந்தைகள் கைபடும் உயரத்தில் எந்த முனையும் இருக்கக் கூடாது. மின்கம்பி எதுவும் அருகில் ஓடாத பக்கமாகவே கட்டுங்கள், அறுந்து விழுந்தாலும் அதன் மேல் விழாத தூரம் வேண்டும். இடி மின்னல் காலத்தில் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

நடுவில் தாங்க இடம் இருப்பவர்கள் இதை வாங்க வேண்டியதில்லை. ஒரே பேண்டு போதுமென்றால் கம்பி வாங்கி டைபோல் கட்டிக்கொள்ளலாம். டிரான்ஸ்பார்மரில் வெப்பமாகப் போகும் சக்தி மிச்சம், இரைச்சலும் குறைவு. நாலு பேண்டு வேண்டும், ரிக்கையும் ஆன்டெனாவையும் பொருத்தும் ட்யூனர் கருவி வேண்டாம், கட்ட ஒரு மூலைதான் இருக்கிறது என்பவர்களுக்கு இந்தக் கிட் சரியான தேர்வு. வாங்கும்போதே சோக்குக்கு ஒரு 31 ரக வளையத்தையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

இதே நிறுவனம் 80 மீட்டர் பேண்டுக்கு ஒரு நீட்டிப்பும் தருகிறது. முனையில் ஒரு பெரிய சுருள், அதற்கப்பால் இரண்டு மீட்டர் வால். மற்ற பேண்டுகளுக்கு அந்தச் சுருள் ஒரு தடுப்பாக நிற்கும், 80-இல் மட்டும் வால் கம்பியோடு சேர்ந்துகொள்ளும். பேண்டு முழுக்க வராது, நாம் தேர்ந்தெடுக்கும் குறுகிய பகுதியில்தான் எஸ்.டபிள்யூ.ஆர். இறங்கும். இரவில் அக்கம்பக்கத்து நிலையங்களோடு பேச எனக்கு அதுவே போதும். மரத்துக்கும் கம்பி முனைக்கும் நடுவே இன்னும் மூன்று மீட்டர் கயிறு இருக்கிறது. அதனால் வாங்கப் போகிறேன்.