ஐகாம் எம்25 கையடக்க விஹெச்எஃப்: வாங்கினதும் சேனல் குரூப்பைப் பாருங்கள்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் இருந்து ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவர்கள் கையில் வைத்துக்கொள்ள ஒரு ஒயர்லெஸ் செட் கேட்டால், ஐகாம் எம்25-ஐத்தான் சொல்வேன். போன தடைக்காலம் முடிந்ததில் இருந்து எங்கள் போட்டில் இதுதான். 5 வாட்ஸ், கால் கிலோகூட எடை இல்லை, பழைய செல்போன் சார்ஜர் வயரிலேயே சார்ஜ் ஏறும். கடலில் விழுந்தால் மிதக்கும், தண்ணீர் பட்டதும் விளக்கு தானாகவே மின்னும். முகத்துவாரத்தில் ஒரு அலை தூக்கிப் போட்டதில் செட் தெறித்து விழுந்துவிட்டது. விடியாத இருட்டில் அந்த மினுக்கலைப் பார்த்துத்தான் தம்பி துடுப்பால் ஒதுக்கி எடுத்தான். ஸ்பீக்கரில் புகுந்த தண்ணீரை அதிரவைத்து வெளியே தள்ளும் வசதியும் இதில் உண்டு. அன்றைக்கே அது வேலைக்கு ஆனது.

செட்டில் குறை இல்லை, எங்களுக்கு விற்ற விதத்தில்தான் குறை. அமெரிக்கச் சேனல் குரூப்பில், அதாவது அந்த நாட்டு முறைப்படியான சேனல் பட்டியலில் வைத்தே கொடுத்துவிட்டார்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பி கப்பல் வேலைக்குப் போய் வந்தவன். கையில் வாங்கியதுமே, "அண்ணே, 22-க்குப் பக்கத்துல 'ஏ' நிக்குது பாரு, இது நம்ம பக்கத்து சேனல் இல்ல" என்றான். திரை ஓரத்தில் பொடி எழுத்தில் யுஎஸ்ஏ என்று இருந்தது.

இதில் ஆபத்து என்னவென்றால், பழுது இருப்பதே தெரியாது. அபாயத்துக்கும் முதல் அழைப்புக்குமான சேனல் 16 எந்த நாட்டிலும் 156.800 மெகாஹெர்ட்ஸ்தான். 6-ம் 72-ம் அப்படியே. போட்டுக்குப் போட்டு பேசிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். கரையோடு பேசும் இரட்டை அலைவரிசைச் சேனல்களில்தான் மாட்டிக்கொள்வோம். 18-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சர்வதேச முறைப்படி படகு 156.900-ல் பேசும், கரை 161.500-ல் பதில் சொல்லும். அமெரிக்காவின் 18ஏ-யில் பேசுவதும் கேட்பதும் 156.900-லேயே. அதாவது, நாம் கூப்பிடுவது கரைக்குக் கேட்கும், அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில் நமக்குக் கேட்காது. இன்ஜின் நின்றுபோன நேரத்தில் இது நடந்தால் என்ன கதி? 21, 22-லும் இதே கதைதான். 22ஏ அமெரிக்கக் கடலோரக் காவல்படை பேசும் சேனல், புது செட்டுகளில் 1022 என்று நாலு இலக்கத்தில் காட்டும். நமக்கு வேண்டியது ஐஎன்டி என்று காட்டும் சர்வதேச குரூப். கையேட்டைப் பார்த்து தம்பியே மாற்றிவிட்டான்.

வானிலைச் சேனல்களும் இருக்கின்றன. அந்த ஒலிபரப்பு வட அமெரிக்கப் பக்கம்தான், இங்கே வெறும் இரைச்சல். நமக்குத் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டும் வானொலிச் செய்தியும்தான் துணை.

தூரம்? தாழ்வான போட்டில் இருந்து இன்னொரு போட்டுக்கு நாலைந்து கடல் மைல் வைத்துக்கொள்ளுங்கள். கப்பலின் ஆண்டெனா உயரத்தில் இருப்பதால் இன்னும் தள்ளிக் கேட்கும். தங்கல் போகிற விசைப்படகுக்கு இது போதாது. அதற்கு 25 வாட்ஸ் செட்டும் உயரக் கட்டிய ஆண்டெனாவும் வேண்டும். இதில் டிஎஸ்சி என்கிற டிஜிட்டல் அழைப்பு வசதி கிடையாது. ஒரு பொத்தானை அமுக்கி சேனல் 70-ல் அபாயச் செய்தி அனுப்ப வழியில்லை, வாயால்தான் கூப்பிட வேண்டும். எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

அதனால்தான் 16-ஐப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன். சங்கரா என்ன விலை போகிறது, எத்தனை பெட்டி விழுந்தது என்று அதிலேயே பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் பொத்தானை அமுக்கிக்கொண்டு இருக்கும்வரை பக்கத்தில் தத்தளிக்கிறவன் குரல் உள்ளே வராது. 16-ல் கூப்பிடுங்கள், ஆள் கிடைத்ததும் "72-க்கு வா மாப்ள" என்று சொல்லிவிட்டு மாறிவிடுங்கள். இந்த செட்டில் 72-ல் இருந்துகொண்டே 16-ஐயும் கவனிக்க டூயல் வாட்ச் இருக்கிறது, அதைப் போட்டே வையுங்கள்.