எபாக்சி ரெசின்: கப்பில் அளப்பதா, தராசில் நிறுப்பதா?

எபாக்சி வார்ப்புக்கு ரெசின், அதை இறுக வைக்கும் ஹார்டனர் என்ற இரண்டு திரவங்களை லேபிளில் சொன்ன விகிதத்தில் கலக்க வேண்டும். அவற்றைக் கோடு போட்ட கப்பில் அளப்பது எளிது. தட்டு, மேசைப்பலகை மாதிரி பெரிய வேலைக்கு அதுவே போதும். கப்பைச் சமதளத்தில் வைத்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஆனால் காதணிக்கு 10 மில்லி கலக்கும்போது அரை மில்லி பிசகினாலே பிசுபிசுப்பு போகாமல் நின்றுவிடலாம். அங்கே 0.1 கிராம் காட்டும் டிஜிட்டல் தராசுதான் என் தேர்வு.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: பொதுவாக ரெசின் ஹார்டனரைவிட அடர்த்தியானது. கன அளவுக்குச் சொன்ன 1:1 விகிதத்தைத் தராசில் பிடித்தால் ஹார்டனர் கூடிவிடும். எடை விகிதம் லேபிளில் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கப்பே பாதுகாப்பு. ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பதும் தவறு. மிஞ்சியது வினைபுரிய ரெசின் இல்லாமல் உள்ளேயே தங்கி, வார்ப்பை மென்மையாக்கிவிடும். எப்படி அளந்தாலும், கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்குங்கள்.