மூன்று நாள் சேலைனா, கைநிறைய மாத்திரையா? பார்வை நரம்பு அழற்சிக்கு நான் எடுத்த முடிவு

வகுப்பில் சிவப்பு மையால் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். வலது கண் உறுத்தியது, கையால் பொத்தினேன். நான் போட்டிருந்த சரி அடையாளங்கள் எல்லாம் வெளுத்து, செங்கல் தூளால் எழுதியது போலத் தெரிந்தன. கையை எடுத்தால் நல்ல சிவப்பு. மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்த பிறகுதான் விளங்கியது, கெட்டிருந்தது இடது கண். இரண்டு நாளாக அந்தக் கண்ணைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே ஒரு வலி இருந்தது. இலங்கை மலையகத்து நோர்வூட் பனிக்குத் தலையில் நீர் கோத்துக்கொண்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

டவுனில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் மாற்றச் சொன்னார்கள். காசு கட்டிச் சனலில் பார்த்த ஒரு டொக்டர் அலர்ஜி என்று சொட்டு மருந்து எழுதினார். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எனக்கு வந்தது பார்வை நரம்பு அழற்சி, கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பின் வீக்கம். இது வருகிற மூன்று பேரில் இரண்டு பேருக்கு வீக்கம் கண்விழிக்குப் பின்னால் இருக்கும். உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தாலும் நரம்பின் முனை சுத்தமாகத்தான் தெரியும். நோயாளிக்கு ஒன்றும் தெரியாது, டொக்டருக்கும் ஒன்றும் தெரியாது என்று கண் வாட்டில் ஒரு பழைய பகிடியே இருக்கிறது.

கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை, ஒரு டோர்ச் போதும். நல்ல கண்ணில் வெளிச்சம் அடித்தால் இரண்டு கண்ணின் பாப்பாவும் சுருங்கும். அப்படியே வெளிச்சத்தைக் கெட்ட கண்ணுக்குக் கொண்டுபோனால், சுருங்கி நிற்க வேண்டிய பாப்பா விரியும். நரம்பு சேதியைச் சரியாகக் கொண்டுபோகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அசைத்தால் வலி, சிவப்பு வெளிறுதல், டோர்ச் வெளிச்சத்தில் விரியும் பாப்பா, இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் கண்ணாடிக் கடைப் பக்கம் போக வேண்டாம். எனக்கு ஐந்தாம் நாள்தான் யாரோ டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். அதற்குள் இடது கண்ணில் நடுவே புகை மண்டிவிட்டது.

சரி, பெயர் தெரிந்துவிட்டது. இனி என்ன செய்வது? எனக்கு முன்னால் நான்கு வழி இருந்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பது, தினம் 60 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டிரோய்ட் மாத்திரை போடுவது, கண்டி ஆஸ்பத்திரி வாட்டில் படுத்து மூன்று நாள் மெதில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டிரோய்டைப் பெரிய அளவில் சேலைனோடு ஏற்றுவது, அதற்கு ஈடான அளவு ஸ்டிரோய்டை வீட்டிலிருந்தே மாத்திரையாக விழுங்குவது.

இரண்டாவது வழியை முதலில் தள்ளிவிடலாம். அமெரிக்காவில் 1988இல் தொடங்கி 457 பேரை வைத்து ஒரு பெரிய பரிசோதனை நடத்தி, 1992இல் முடிவை வெளியிட்டார்கள். சேலைன் ஏற்றியவர்களுக்குப் பார்வை சீக்கிரம் திரும்பியது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மருந்தில்லாத வெற்று மாத்திரை போட்டவர்களும் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்திருந்தார்கள். உடம்பு எடைக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று மாத்திரை மட்டும் போட்டவர்களுக்கு வேகமும் கிடைக்கவில்லை, அதற்கு மேல் நோய் திரும்ப வந்தது மற்ற இரண்டு கூட்டத்தையும்விட அதிகம். 60 கிலோ ஆளுக்கு 5 மில்லிகிராம் மாத்திரை பன்னிரண்டு. பார்மசியில் சுலபமாக வாங்கலாம் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. என் பெரியம்மா மகன் அக்கறையோடு சொன்னதும் இதைத்தான்: “எதுக்குத் தங்கச்சி கண்டிக்கு? இதே மருந்துதானே, இங்கேயே போடு.” மருந்து ஒரே இனம்தான். அளவு அதல்ல.

ஒன்றும் செய்யாமல் இருப்பது நான் நினைத்ததைவிட நல்ல வாதம். அந்தப் பரிசோதனையில் ஓராண்டு முடிவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் 6/12 அளவுக்காவது, அதாவது நல்ல கண் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிக்கிற அளவுக்காவது, பார்வை தேறியிருந்தது. மருந்து இறுதிப் பார்வையைக் கூட்டாது, வருகிற நேரத்தைத்தான் குறைக்கும். பரீட்சைக் காலம் இல்லையென்றால் நானும் காத்திருந்திருப்பேனோ என்னவோ. ஆனால் அந்த 457 பேரில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்கள். அவர்களிடம் இந்த அழற்சிக்குப் பின்னால் அதிகம் நிற்பது மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பின் உறையை உடம்பே தாக்குகிற நோய். ஆசியாவில் இன்னும் இரண்டு நோயையும் கணக்கில் எடுக்க வேண்டும், இரண்டிலும் உடம்பின் எதிர்ப்புப் பொருளே உடம்பைத் தாக்கும்: அக்குவாபோரின் 4 எதிர்ப்புப் பொருளால் வரும் நோய், மொக் எதிர்ப்புப் பொருளால் வரும் நோய். முதலாவது கண்ணைத் திருப்பித் தராமலேயே போகக்கூடியது. அதற்கு ஸ்டிரோய்டைச் சீக்கிரம் தொடங்க வேண்டும், போதாவிட்டால் அந்த எதிர்ப்புப் பொருளை அகற்ற இரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றவும் வேண்டும். எது என்று தெரியும்வரை காத்திருக்கலாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

மிஞ்சியது சேலைனா, பெரிய அளவு மாத்திரையா என்பது. மருந்தாக மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. 2018இல் வந்த கனடா ஆய்வு ஒன்று இதையே நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. 55 பேர், மூன்று நாள், ஒரு கூட்டத்துக்கு 1000 மில்லிகிராம் சேலைனில், மறு கூட்டத்துக்கு 1250 மில்லிகிராம் மாத்திரையில். ஆறு மாதம் கழித்துப் பார்வையில் குறிப்பிடும்படி வேறுபாடு இல்லை. சின்ன ஆய்வுதான், என்றாலும் மாத்திரைக்காரர்கள் இதை வைத்துப் பேசினால் நான் மறுக்க மாட்டேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும். எங்கள் பக்கத்துப் பார்மசியில் இருந்தது 5 மில்லிகிராம் மாத்திரை. 1250க்கு ஒரு நாளைக்கு 250 மாத்திரை. மூன்று நாளைக்கு 750. ராத்தல் கணக்கில் கேட்டிருக்க வேண்டும்.

அது வேடிக்கைக்குச் சொன்னது. பெரிய மாத்திரை கிடைத்திருந்தாலும் நான் வாட்டுக்குத்தான் போயிருப்பேன். சேலைன் ஊசியின் மேல் நம்பிக்கை வைத்து அல்ல. கட்டில் கிடைத்தால் அதோடு சோதனையும், கண்காணிப்பும் தானாக வந்து சேரும். மலையில் இருக்கிற நமக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிது என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கம்பளை வழியாகக் கண்டிக்கு பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். ஹட்டனுக்கு வரவே எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு பஸ், அதுவும் மாலை ஆறுக்குப் பிறகு இல்லை. மாத்திரையை வீட்டில் போடுவதென்றால் ஸ்கேனுக்கு ஒரு நாள், இரத்தம் கொடுக்க ஒரு நாள், ரிப்போர்ட்டுக்கு ஒரு நாள், கிளினிக்குக்கு ஒரு நாள். ஒவ்வொன்றுக்கும் விடிய நாலு மணிக்கு எழும்ப வேண்டும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த வளைவுகளில் வாந்தியை அடக்கிக்கொண்டு போக வேண்டும். அப்படித் தொடங்குகிற பலர் இரண்டாவது நாளோடு விட்டுவிடுவார்கள். கண் தெளிந்துவிட்டதே, இனி எதற்கு ஸ்கேன் என்று. வாட்டில் படுத்திருந்ததால் என்னை நான்காம் நாள் தள்ளுவண்டியில் வைத்து எம்ஆர்ஐ ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். எதிர்ப்புப் பொருளுக்கான இரத்தமும் ஸ்டிரோய்ட் ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். காசநோய் இருக்கிறதா என்று நெஞ்சு எக்ஸ்ரே, வேறு கிருமி இருக்கிறதா என்று சலச் சோதனை எல்லாம் முதல் நாளே முடிந்தன. ஸ்டிரோய்ட் ஒளிந்திருக்கிற நோயைக் கிளப்பிவிடும் என்பதால் இவை கட்டாயம். காசநோய் மருந்து எடுப்பவர்கள் அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். அதில் உள்ள எதம்பியூட்டோலே பார்வை நரம்பைக் கெடுக்கக்கூடியது, அந்தக் கதை வேறு, சிகிச்சையும் வேறு.

அந்த எம்ஆர்ஐ கண்ணுக்காக மட்டும் எடுப்பதல்ல. மூளையில் தழும்பு எதுவும் இல்லாதவருக்கு அடுத்த 15 ஆண்டுகளில் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் வருகிற வாய்ப்பு 25 சதவீதம், ஒன்றாவது இருந்தால் 72 சதவீதம் என்று அதே அமெரிக்கப் பரிசோதனையின் தொடர்ச்சி சொல்கிறது. நம் ஆட்களுக்கு அந்த எண்கள் அப்படியே பொருந்த வேண்டுமென்பதில்லை. இருந்தாலும் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்வதற்கும் தெரியாமல் இருப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். எனக்கு நரம்பு மட்டும் வீங்கி இருந்தது, மூளையில் ஒன்றுமில்லை.

இன்னொன்று இரத்தத்தில் சீனி, ஸ்டிரோய்ட் அதை ஏற்றிவிடும். எனக்குச் சீனி வருத்தம் கிடையாது, அம்மாவுக்கு உண்டு. இரண்டாம் நாள் பின்னேரம் விரலில் குத்திப் பார்த்தபோது 268. வாட்டுத் தாதி மிஸ்ஸி ஒன்றும் பேசாமல் போய் இன்சுலினோடு வந்தார். அதே நேரம் நான் வீட்டில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? தாகமாக இருக்கிறதென்று இரண்டு கோப்பை சீனி போட்ட பிளேன்டீ குடித்திருப்பேன்.

வாட்டிலும் கஷ்டம் இருக்கிறது, மறைக்கவில்லை. சேலைன் ஏறுகிற ஒரு மணி நேரமும் வாயில் துருப்பிடித்த ஆணியின் ருசி. இரவில் தூக்கமே இல்லை, பசியோ அடங்காத பசி. பக்கத்துக் கட்டில் அம்மாவின் இடியப்பத்தையும் நானே சாப்பிட்டேன். “ரிதெனவாத?”, வலிக்கிறதா என்று டொக்டர் கேட்டதற்கு, கண்ணைத் திருப்பினால் மட்டும் வலிக்கிறது என்று சிங்களத்தில் விளக்க எனக்கு வரவில்லை. தமிழ் தெரிந்த ஒரு மருத்துவ மாணவி வரும்வரை எல்லோரும் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தோம். அரசாங்க வாட்டுக்குக் காசில்லை, உண்மைதான். ஆனால் துணைக்கு நின்ற அண்ணி மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர். அந்த ஐந்து நாளும் அவருக்குப் பேர் விழவில்லை, நாள் சம்பளம் இல்லை. எனக்கு லீவு இருக்கிறது, அவருக்கு இல்லை. வீட்டு மாத்திரைக்குச் சாதகமாக நான் ஒத்துக்கொள்கிற வலுவான காரணம் இது ஒன்றுதான்.

டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகு பதினொரு நாள் மாத்திரை, வயிற்றுக்கு ஒமெப்ரசோல். மூன்றாம் வாரம் புகை விலகத் தொடங்கியது. இப்போது எழுத்து 6/9 தெரிகிறது. சிவப்பு மட்டும் இன்னும் ஒரு படி பின்னால் நிற்கிறது. வெயிலில் லயத்துப் படி ஏறி ரோட்டுக்கு வந்தால் இடது கண் மங்கும், நிழலில் கொஞ்சம் நின்றால் தெளியும். முதல் தடவை திரும்ப வந்துவிட்டதென்று அழுதேன். உடம்பு சூடேறினால் பழுதான நரம்பு சரியாகக் கடத்தாது, அவ்வளவுதான் என்று கிளினிக்கில் சொன்னார்கள். ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890இலேயே எழுதி வைத்த விஷயமாம். சுடுதண்ணீர்க் குளிப்பிலும் இது வரும், மலையகத்தில் அதை விடச் சொன்னால் யார் விடுவார்?

வீட்டு மாத்திரை வழியில் போய்ப் பார்த்தவள் அல்ல நான். எனக்கு வந்தது ஒரு கண்ணில், ஒரு தடவை, இளம் வயதில், வலியோடு. வலியில்லாமல் வந்தவர்கள், இரண்டு கண்ணும் ஒன்றாக மங்கியவர்கள், ஐம்பது தாண்டியவர்கள் என் கதையைத் தங்கள் கதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு வேறு காரணங்களைத் தேட வேண்டியிருக்கும்.

மறுபடி வந்தால் எந்த வழி என்று அண்ணி கேட்டார். இரண்டாம் தடவை என்றால் முதலில் கிளினிக்கில் காட்டி, இரத்தச் சோதனையைத் திரும்ப எடுக்க வேண்டுமா என்று கேட்பேன். அவர்கள் சரி என்றால், சீனி குத்திப் பார்க்கிற மெசின் ஒன்றும் வீட்டில் இருந்தால், அப்போது மாத்திரைக்கே கை நீட்டுவேன் என்று நினைக்கிறேன். ஸ்கேனும் எக்ஸ்ரேயும் ஏற்கனவே டயக்னோசிஸ் கார்டோடு கோப்பில் இருக்கின்றன. 250 மாத்திரை என்றால் மட்டும் வாட்டுக்கே போய்விடுவேன்.