எஃப்-75, எஃப்-100: மெலிந்த குழந்தைக்கு எந்தப் பால், எப்போது?

கடும் ஊட்டக்குறைவோடு ஆபத்தான நிலையில் மருத்துவமனைக்கு வரும் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் இரண்டு சிகிச்சைப் பால்களைப் பரிந்துரைக்கிறது. 100 மில்லியில் எஃப்-75 தருவது 75 கிலோ கலோரியும் 0.9 கிராம் புரதமும். எஃப்-100 தருவது 100 கிலோ கலோரியும் 2.9 கிராம் புரதமும். எண்களை மட்டும் பார்த்தால் இரண்டாவதே மேல் என்று தோன்றும். முதல் நாட்களில் அந்த எண்ணமே குழந்தையின் உயிருக்கு உலை வைக்கக்கூடும்.

பட்டினிக்குப் பழகிய உடலில் இதயமும் கல்லீரலும் தளர்ந்திருக்கும். திடீரென்று சத்து மிகுந்தால் இன்சுலின் உயர்ந்து, பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் இழுக்கப்பட்டு, இரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்து இதயம் தடுமாறும். ஆகவேதான் புரதமும் சோடியமும் குறைந்த எஃப்-75, கிலோவுக்கு நாளொன்றுக்கு 130 மில்லி என்ற கணக்கில், இரவிலும் விடாமல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்டப்படுகிறது. உடலில் நீர் தேங்குவதால் வரும் வீக்கம் கடுமையாக இருந்தால் இது 100 மில்லியாகக் குறையும். 5 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்குச் சுமார் 55 மில்லிதான்; குடிக்க இயலாவிட்டால் மூக்குக்குழாய் வழியாகச் செல்லும். இந்த நாட்களில் எடை கூடவில்லையே என்று தாய் கவலைப்படுவது இயல்பு, ஆனால் எடையைக் கூட்டுவது எஃப்-75-இன் வேலையே அல்ல.

பசி திரும்பி, வீக்கம் வடியத் தொடங்கியதும் எஃப்-100-க்கு மாறலாம். முதலில் அதே அளவிலேயே கொடுக்க வேண்டும். மூச்சும் நாடித்துடிப்பும் விரைந்தால் அளவைக் குறைக்க வேண்டும். இரும்புச்சத்து மருந்தும் இந்தக் கட்டத்துக்குப் பிறகுதான்.