பழைய ஃபோர்டின் பானட் பட்டைக்கு ரிவிட் அடித்த கிருஷ்ணகிரி லைனிங் பட்டறை

பழைய கார்களைச் சீர்செய்வோர் குழல் ரிவிட் (முனை குழாய்போல உள்ளீடற்று இருக்கும் ரிவிட்) அடிப்பதற்காகப் பெங்களூருக்கோ சென்னைக்கோ வண்டியை ஏற்றிச் செல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டின் 1930-ஆம் ஆண்டு ஃபோர்டு மாடல் ஏ காரின் பானட் வேலையை, கிருஷ்ணகிரியில் லாரிகளுக்கு பிரேக் லைனிங் (பிரேக் ஷூவின் மேல் பொருத்தும் உராய்வுப் பட்டை) அடிக்கும் ஒரு சிறு பட்டறையில் கொடுத்து வாங்கிய பிறகு இதை உறுதியாகச் சொல்கிறேன். தேசிய நெடுஞ்சாலைகள் 44-உம் 48-உம் சந்திக்கும் ஊர் என்பதால் இங்கே லைனிங் பட்டறைகளுக்குக் குறைவில்லை. பிரேக் ஷூவிலும் கிளட்ச் பிளேட்டிலும் நாள் முழுவதும் இவர்கள் அடிப்பது இதே வகை ரிவிட்தான்.

மாடல் ஏ காரின் பானட், முன்னால் ரேடியேட்டர் கூட்டின் மீதும் பின்னால் கௌலின், அதாவது பானட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் இடையிலுள்ள பகுதியின், விளிம்பின் மீதும் படிந்து நிற்கிறது. தகடும் தகடும் உரசிச் சத்தம் போடாமலும் பெயிண்ட் தேயாமலும் இருக்க, இரண்டு இடங்களிலும் நெய்த பருத்திப் பட்டை ஒன்று ரிவிட்டால் பிடிக்கப்பட்டிருக்கும். எங்கள் காரில் அது நைந்து போயிருந்தது. முன்பு வேறொரு கடையில் அதற்கு பாப் ரிவிட் (உள்ளே இருக்கும் தண்டை இழுத்து ஒடித்துப் பொருத்தும் வகை) அடித்திருந்தார்கள். அதன் தலை மேடாக நின்று பானட்டின் உட்புறப் பெயிண்ட்டைக் கீறியதோடு, தண்டு ஒடிந்த துளை வழியாக நீர் இறங்கித் துருவும் பிடித்திருந்தது.

இந்தப் பட்டறையின் மேஸ்திரி முதலில் கவனித்தது பெட்ரோல் டேங்கைத்தான். மாடல் ஏ காரில் டேங்கே கௌலாக அமைந்திருப்பதால், பழைய ரிவிட்டை எடுக்கக் கிரைண்டரைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டு, டேங்கைக் காலிசெய்து வண்டியை வெளியே காற்றோட்டத்தில் நிறுத்தி, கை டிரில்லால் தலைகளை மட்டும் மெல்லக் குடைந்து எடுத்தார். துளைகளின் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு பூசி, அது காயும்வரை பட்டையை வைக்கவே இல்லை.

ரிவிட்டின் நீளத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் இவர்களின் அனுபவம் தெரிந்தது. பட்டையையும் தகட்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்து அளந்து, மறுபுறம் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, தண்டின் விட்டத்தில் பாதிக்கும் மேல் முக்கால் பங்குக்குள் இருக்குமாறு பார்த்தார்கள். 3 மில்லிமீட்டர் தண்டுக்கு அது சுமார் 2 மில்லிமீட்டர். அதற்கு மேல் நீண்டால் தண்டு உள்ளே வளைந்துவிடும். குறைந்தால் வாய் சுருண்டு தகட்டைப் பற்றாது. தலைக்கு அடியில் அதன் வளைவுக்கேற்பக் குழித்த இரும்புக் கட்டையை ஒருவர் தாங்கிப் பிடிக்க, மறுபுறம் கூர்முனையைச் சுற்றி வட்டப் பள்ளம் வெட்டிய பஞ்சை வைத்து, மேஸ்திரி சிறு சுத்தியலால் அடித்தார். ஒரே பலத்த அடியாக இல்லாமல், இரண்டு மூன்று மெல்லிய தட்டுகளிலேயே குழலின் வாய் வெளிப்புறமாகச் சுருண்டு தகட்டில் படிந்தது. “ஓங்கி அடிச்சா வாய் கிழிஞ்சிடும் சார், அப்புறம் அது பிடிக்காது” என்றார். அப்படிக் கிழிந்த ஒன்றை அவரே குடைந்து எடுத்துவிட்டுப் புதிதாக அடித்தார். நான் கேட்கவே இல்லை.

கழற்றக்கூடிய ரேடியேட்டர் கூட்டுக்கு மட்டும் கால்மிதி மெஷினைப் பயன்படுத்தினார்கள். இரண்டு இடங்களிலும் நடுவில் தொடங்கி இருபக்கமும் மாறி மாறி அடித்துச் சென்றதால் பட்டையில் ஒரு சுருக்கமும் விழவில்லை. ரிவிட்டின் தலைகள் நெசவுக்குள் அமிழ்ந்திருக்கின்றன. பானட்டை மூடினால் இப்போது தகடு மோதும் ஓசையே எழுவதில்லை.

குறை என்று பார்த்தால், லாரி வந்து நின்றால் நம் வேலை அப்படியே நிற்கும். சரக்கு வண்டிக்காரரின் அவசரம் நியாயமானதுதான் என்றாலும், வெளியூரிலிருந்து வருபவர்கள் முன்கூட்டியே பேசிவிட்டு வருவது நல்லது. லாரி லைனிங் ரிவிட் இந்த வேலைக்கு மிகப் பருமன். கார் கிளட்ச் பிளேட்டுக்கான சிறிய அளவுதான் ஓரளவு பொருந்துகிறது, அதுவும் எப்போதும் கையிருப்பில் இருப்பதில்லை. பட்டையையும் பித்தளை ரிவிட்டையும் நாமே வாங்கிச் சென்றுவிட்டால், ரிவிட் கணக்கில் கூலி மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள்.