சூரைக்கு எந்தத் தூண்டில்? சின்னப் படகும் ஐந்து வினாடிக் கணக்கும்

ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு கடலோரத்துக்கு ஒரு மீன் வந்து சேரும். இங்கே அதற்குச் செல்லப் பெயர் 'அல்பி'. முழுப்பெயர் ஃபால்ஸ் அல்பகோர். முதுகில் நெளிநெளியாகக் கருவரிகள். மார்த்துடுப்புக்குக் கீழே மைவிரலால் ஒற்றியது போல் நாலைந்து புள்ளிகள். முதல் மீனைப் படகில் ஏற்றிய அன்று கூட வந்த நாகர்கோவில் நண்பர் குனிந்து பார்த்துவிட்டு, "இது நம்ம சூரைல்லா!" என்றார். சரிதான். நம்மூர்ச் சூரை யூதின்னஸ் அஃபினிஸ், இது யூதின்னஸ் அலெட்டெராட்டஸ், ஒரே பேரினம். இது விரட்டித் தின்பதும் நெத்திலிக் குடும்பத்துப் பொடிமீன் ஒன்றைத்தான்.

தூத்துக்குடியில் இருக்கும் அம்மாவுக்கு இது புரியவே இல்லை. "சூரையப் புடிக்கவால விடியக்கருக்கல்ல எந்திச்சுப் போற? புடிச்சதையும் தண்ணியில விட்டுட்டியாக்கும்!"

புரிய வைப்பது கஷ்டம். ஃபிளை ஃபிஷிங்கில் இரை என்பது முள்ளின் மேல் ரோமமும் இறகும் கட்டிச் செய்த பொய்மீன். அதற்குச் சொல்லும்படி எடை கிடையாது, அதனால் அதை மட்டும் வீச முடியாது. வீசுவது தடித்த லைனைத்தான். லைனின் எடையில் இரை பின்னால் போகிறது. இதை முன்னும் பின்னும் ஆட்டி வீசப் பின்பக்கமும் வெட்டவெளி வேண்டும், நின்று ஆட நிலையான தளம் வேண்டும், நேரமும் வேண்டும். சின்னப் படகில் இந்த மூன்றுமே தட்டுப்பாடு. அல்பி மேலே வந்து தண்ணீரைக் கொதிக்கவிட்டு மறைவது சில சமயம் பத்து வினாடியில், பல சமயம் அதற்குள்ளேயே.

அதனால் எந்தச் சாமானை எதோடு ஒப்பிட்டாலும் நான் கேட்பது ஒரே கேள்விதான்: மீனைக் கண்டதிலிருந்து இரை தண்ணீரில் விழ எத்தனை வினாடி? ஐந்துக்குள் என்றால் எடுத்துக்கொள்வேன். மற்றவை கடைக்காரர் பேச்சு.

எந்தப் படகு

நாங்கள் இறங்குவது கனெக்டிகட் மாநிலம் ஸ்டோனிங்டனில் உள்ள பார்ன் ஐலண்டு படகுத்துறையில். லிட்டில் நாரகான்செட் குடாவைக் கடந்தால் நேப்பட்ரீ மணல்முனை, அதைச் சுற்றினால் வாட்ச் ஹில். அங்கே கடலுக்கடியில் வரிசையாகப் பார்கள், அதாவது பாறைத் திட்டுகள். நீவாடு என்கிற நீரோட்டம் அவற்றின் மேல் ஏறி இறங்கும் இடத்தில் தண்ணீர் மடிந்து சுருளும். பொடிமீன் அங்கே நிலைகுலையும், அல்பி அங்கேதான் காத்திருக்கும்.

கயாக்கில் போகிறவர்கள் உண்டு. விடியலில் குடாவுக்குள்ளேயே ஸ்ட்ரைப்டு பாஸ் மீனைத் தேட அதைவிட நல்லது இல்லை, சத்தமே கிடையாது. ஆனால் உட்கார்ந்தபடி வீசினால் பின்வீச்சு தண்ணீரைத் தொடும், அல்பி அறுபது அடி தள்ளி எழும்பினால் துடுப்பு போட்டுப் போய்ச் சேர்வதற்குள் அது அடுத்த பாருக்குப் போயிருக்கும். பார்களுக்கு வெளியே நீவாட்டில் கயாக்கோடு மல்லுக்கட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மறுகோடியில் 21 அடி ஃபைபர் படகு. முன்தளம் மேடை மாதிரி, அலையை வெட்டிக்கொண்டு போகும். ஆனால் விலை, இழுக்கப் பெரிய வண்டி, நிறுத்த இடம் எல்லாம் சேர்ந்தால் மீன்பிடி என்பது குடும்பப் பஞ்சாயத்தாகிவிடும்.

என்னுடையது 16 அடி அலுமினியப் படகு, கையால் திருப்பும் 25 குதிரைத்திறன் மோட்டார். அலையில் தகரடப்பா போலச் சத்தம் போடும். இரண்டு பேர் போகலாம், ஒருவர்தான் வீசலாம். இதில் சமரசமே கிடையாது. ஒருவர் முனையில் நின்றால் மற்றவர் பின்னால் மோட்டார்ப் பிடியோடு குனிந்திருக்க வேண்டும். ஒருமுறை இருவரும் சேர்ந்து எழும்பிய மோகத்தில் என் முள் நண்பரின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. இரண்டு அங்குலம் கீழே காது. அன்றிலிருந்து எல்லா முள்ளிலும் பின்னோக்கி நிற்கும் கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுகிறோம். மீனுக்கும் நல்லது, காதுக்கும் நல்லது.

8, 9, 10

தூண்டில் கோலான ராடுக்கு எண் போடுவது லைனின் எடையை வைத்து. முதல் 30 அடி லைன் 8-ஆம் எண்ணில் 210 கிரெய்ன், 9-இல் 240, 10-இல் 280. 240 கிரெய்ன் என்றால் சுமார் பதினைந்தரை கிராம். நீங்கள் உண்மையில் எறிவது அதைத்தான்.

8-ஆம் எண் கைக்குச் சுகம். காற்று கொஞ்சம் கிளம்பினால் கோலம் கலைந்துவிடும். 10 காற்றைக் கிழிக்கும், நாலு மணி நேரம் கையில் பிடித்து நின்றால் தோள் கெஞ்சும். நான் 9. இதைப் பற்றி மணிக்கணக்காக வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கரையில்தான் அதிகம் இருப்பார்கள்.

ரீலில் லைனுக்குப் பின்னால் 200 கெஜம் பின்நூல் கட்டாயம். மூன்று நாலு கிலோ அல்பி முதல் ஓட்டத்திலேயே லைன் முழுவதையும் உருவிக்கொண்டு பின்நூலில் பாதியைத் தொடும்.

லைன்தான் உண்மையான சண்டை

புதிதாக வருகிறவர் ராடுக்குக் காசைக் கொட்டி லைனில் மிச்சம் பிடிப்பார். தலைகீழ்.

மிதக்கும் லைன் ஆசை காட்டும். வீசியது தப்பான இடமென்றால் அப்படியே தூக்கி மறுபடி வீசலாம். வினாடிக் கணக்கில் இதற்கு முதல் மதிப்பெண் கொடுக்கத் தோன்றும். ஆனால் வாட்ச் ஹில்லில் கண்ணாடிக் கடல் அபூர்வம். சின்ன அலையிலும் லைன் மேலே கிடந்து வில்லாக வளையும், காற்று அதை இழுக்கும், முனையில் பொய்நெத்திலி தன் இஷ்டத்துக்குத் துள்ளும். மீன் கடித்த சேதி உங்கள் விரலுக்கு வருவதற்குள் அது துப்பிவிட்டுப் போயிருக்கும்.

வேகமாக மூழ்கும் லைன், உதாரணத்துக்கு 300 கிரெய்ன் தலைப்பகுதி உள்ளது, வினாடிக்கு ஆறு அங்குலம் வரை இறங்கும். பாரின் சரிவில் பதினைந்து அடி ஆழத்தில் நிற்கும் ஸ்ட்ரைப்டு பாஸுக்கும் புளூஃபிஷுக்கும் இதுதான். இன்னொரு லாபம் பலர் சொல்வதில்லை: கனம் முன்னால் குவிந்திருப்பதால் ஒரே ஆட்டில் பறந்துவிடும். வினாடிக் கணக்கில் மிதக்கும் லைனையே தோற்கடிக்கும். சிக்கல் வீசிய பிறகுதான். அல்பி மேல்மட்டத்தில் தின்கிறது, உங்கள் இரையோ அதன் காலடியில் கிடக்கிறது.

இவை இரண்டுக்கும் நடுவே இன்டர்மீடியட். வினாடிக்கு ஒன்றரை, இரண்டு அங்குலம் மூழ்கும். அலைக்குச் சற்றுக் கீழே போய் நேர்க்கோடாகக் கிடக்கும், இழுத்தால் இரை இழுத்த திசையில் வரும். தலைப்பகுதி குட்டையாக உள்ளதை வாங்கினால் இரண்டு ஆட்டில் அறுபது அடி போகும். குறை ஒன்று உண்டு: மூழ்கிய லைனைத் தண்ணீரிலிருந்து பிடுங்கித் தூக்க முடியாது, ஏறக்குறைய முழுவதையும் சுருட்டி இழுத்த பிறகே அடுத்த வீச்சு. அந்த நேரத்தில் மீன் இடப்பக்கம் எழும்பும். எழும்பத்தான் செய்யும். இருந்தும் ஒரே ஒரு லைன்தான் வாங்க முடியும் என்றால் யோசிக்காமல் இதை வாங்குங்கள்.

இழுத்த லைன் எங்கே போகிறது என்பதில்தான் சின்னப் படகு பழிவாங்கும். போன செப்டம்பரில் ஒரு காலை: வீச்சு சரி, இரை சரியாகக் கூட்டத்தின் முன்னால், மூன்றாவது இழுப்பில் கடி. காலடியில் கிடந்த லைன் பாம்பு மாதிரி எழுந்து ஓடியது. அதன் ஒரு வளையம் மோட்டார்ப் பிடியைச் சுற்றியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. 'டிங்' என்று ஒரு சத்தம். இரையைக் கட்டியிருந்த, 16 ராத்தல் தாங்கும் முனைநூல் அறுந்து லைன் தொளதொளவென்று கிடந்தது. நண்பர் ஒன்றுமே சொல்லவில்லை; சொல்லியிருந்தால் தேவலை. இதற்கென்றே இடுப்பில் கட்டும் தட்டும், மடிக்கும் கூடையும் நல்ல விலைக்கு விற்கிறார்கள். நான் அழுக்குத்துணிக் கூடை ஒன்றை வாங்கி, அடியில் ஈயக்கட்டி போட்டு முனையில் நிறுத்தினேன். இந்த அலசலிலேயே மிகக் குறைந்த செலவில் மிக அதிக மீன் தந்த சாமான் அதுதான்.

பொய்மீன்கள்

லெஃப்டிஸ் டிசீவர் பழம்பெரும் ஆள். 1991-இல் அமெரிக்க அஞ்சல் தலையிலேயே இடம்பிடித்தது. லெஃப்டி கிரே கட்டிய இந்த இறகு இரை பெரிய மீனின் உருவத்தைக் காட்டும், ஸ்ட்ரைப்டு பாஸுக்குப் பிரமாதம். கோடைக் கடைசியில் கடலில் இருப்பது இரண்டு அங்குல நெத்திலி. அல்பிக்குக் கண் கூர்மை. அளவு பொருந்தாவிட்டால் ஓரமாக வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

பாப் கிளவுசரின் கிளவுசர் மின்னோவுக்கு முள்ளின் கழுத்தில் ஈயக் கண்கள். சட்டென்று இறங்கும், எல்லா மீனும் கடிக்கும். ஆனால் அந்த ஈயம் காற்றில் தாழ்வாக, தலையை உரசிக்கொண்டு வரும். தொப்பிக் கதையின் வில்லன் இதுதான்.

நியூ ஜெர்சிக்காரர் பாப் பாப்போவிக்ஸின் சர்ஃப் கேண்டி செயற்கை ரோமத்தின் மேல் எப்பாக்சி ஊற்றிச் செய்தது. ஒளி ஊடுருவும், ஒல்லி, இங்கத்திய நெத்திலியான பே ஆன்சோவியின் அச்சு. புளூஃபிஷ் பல் பட்டாலும் மற்றவற்றைப் போல ஒரே கடியில் பிய்ந்து போகாது. புளூஃபிஷ் நூலையே அறுத்துக்கொண்டு போனால் மட்டும் சர்ஃப் கேண்டியிடமும் மருந்தில்லை. சின்ன அளவில் இதுதான் என் முதல் தேர்வு. முனைநூலுக்குப் பதில் கம்பி கட்டினால் புளூஃபிஷிடமிருந்து இரை தப்பும், ஆனால் கம்பியைக் கண்டால் அல்பி கிட்டேயே வராது. இரண்டு இரையைப் பறிகொடுக்கத் துணிந்துவிடுவது மேல்.

துரத்துவதா, காத்திருப்பதா

கடலில் பாதிப் படகுகள் துரத்துகிற கட்சி. பறவை விழுகிறது, மோட்டாரை முறுக்கு, போ, நிறுத்து, வீசு, மீன் இல்லை, அடுத்த பறவை. பார்க்க வேட்டை மாதிரி இருக்கும். எங்களுக்கும் முதல் இரண்டு வருடம் அதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் மோட்டார் நிற்க, படகின் ஓட்டம் தணிய, ராடைத் தூக்க, லைனை விரிக்க என்று பதினைந்து வினாடி போய்விடுகிறது. போதாததற்குக் கூட்டத்தின் நடுவே படகை விட்டால் மீன் கீழே போய்விடும், பக்கத்துப் படகுக்காரர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வராது.

காத்திருக்கிற முறையில் பாருக்கு மேல்நீவாட்டில் போய் மோட்டாரை அணைத்துவிட்டு மிதந்து வருவது. லைனில் முப்பது அடி ஏற்கெனவே வெளியே கிடக்கும், இரை கையில், மிச்சம் கூடையில். மீன் எழும்பினால் மூன்று வினாடி. எழும்பாமலே அரைமணி போகும், அதுவும் உண்மை. ஒரு காலையில் நாலு தடவை வாய்ப்பு வந்தால் அதிகம். துரத்தினால் இருபது தடவை 'வாய்ப்பு' வரும், இருபதும் வீச்சுக்கு எட்டாத தூரத்தில்.

மூன்றாவது வழி, ஜிபிஎஸ் வைத்து ஒரே இடத்தில் நிறுத்தும் மின்மோட்டார். அருமையானது. பாட்டரியும் மோட்டாரும் சேர்ந்து என் படகின் மூக்கை அமுக்கிவிடும் என்பதால் ஏக்கத்தோடு பார்ப்பதோடு சரி.

மதியத்துக்குப் பேச்சே இல்லை. கோடையில் இந்தக் கரைக்குப் பிற்பகலில் தென்மேற்குக் காற்று தவறாமல் வரும். ஊர்ப்பேச்சில் சொன்னால் சோழகமும் கச்சானும் கலந்தது. அதற்கு எதிராக நீவாடு ஓடினால் பார்மேல் அலை சுவராக எழும். நாங்கள் பத்தரைக்குத் துறைக்குத் திரும்பிவிடுவோம். செப்டம்பரில் எங்கோ தெற்கே புயல் இருந்தால் காற்றே இல்லாத காலையிலும் நீண்ட அலை வந்து பாரில் உடையும். 1938 செப்டம்பர் 21 புயல் நேப்பட்ரீயில் இருந்த வீடுகளை அடித்துக்கொண்டு போனது. இன்றும் அந்த மணல்முனையில் வீடே கிடையாது. நான் தண்ணீரில் விழுந்தால் மோட்டாரை நிறுத்திவிடும் அணைப்புக் கயிறு என் தொடையில் மாட்டியே இருக்கும். 26 அடிக்குக் குறைந்த படகு வேகமெடுத்து ஓடும்போது அது 2021 ஏப்ரலிலிருந்து சட்டமும்கூட.

அந்தக் கேள்வி

சாதாரண ஸ்பின்னிங் ராடில் ஒரு சின்ன உலோக இரையை மாட்டினால் 150 அடி, இரண்டு வினாடி. என் சொந்த அளவுகோலில் ஃபிளை ராட் படுதோல்வி. மறைக்க ஒன்றுமில்லை, நண்பர் படகில் ஒரு ஸ்பின்னிங் ராட் எப்போதும் இருக்கும். மீன் சின்ன நெத்திலியில் வெறியாக இருக்கும் காலைகளில் மட்டும் என் எடையில்லாத இரை அவர் உலோகத்தை ஜெயிக்கும். அது வருடத்துக்கு இரண்டு மூன்று காலை. அதற்காகத்தான் இவ்வளவும் என்றால் அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

விடுவிப்பதிலும் இரண்டு வழி உண்டு. ஸ்ட்ரைப்டு பாஸை வாயைப் பிடித்துத் தண்ணீரில் வைத்திருந்தால் தெம்பு வந்ததும் தானே நழுவும். அல்பியை அப்படிப் பிடித்து வைத்தால் செத்துவிடும். ஓடினால்தான் அதற்கு மூச்சு. வாலைப் பிடித்து, தலை கீழாக, ஈட்டி எறிவது போல் பலமாகத் தண்ணீருக்குள் விட வேண்டும். முதல் தடவை நண்பர் பதறிவிட்டார். "என்ன ஓய், கல்ல எறியுத மாதிரி எறியுதீரு!" அதற்குள் அது பாரைத் தாண்டியிருந்தது.